மூஞ்சியே தெரியாத கல்யாணப் படம்

செம்பட்டையான்குளம்,
வாடிப்பட்டி வழி,
பங்குனி மாதம்.

என் அக்காளைக் கட்டிய வகையில் என்றைக்கும் மரியாதைக்குரிய மச்சான் தவசி அவர்களுக்கு, சோணை எழுதிக்கொள்வது. எழுதிக்கொள்வது என்றால், நான் சொல்லச் சொல்லத் தபாலாபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஹாலாஸ்யம் சாமி எழுதுவது. எனக்குக் கைநாட்டுத்தான் என்று உங்களுக்குத் தெரியும். நான் பேசுகிறபடியே எழுதினால் நன்றாக இருக்காது என்று சாமி தன் இஷ்டத்துக்குத் திருத்தி எழுதுகிறார். நான் கோபமாகச் சொன்ன இடம் உங்களுக்கு மரியாதையாகத் தெரிந்தால், அது அவர் செய்த வேலை.

இங்கே நான், மகன், மருமகள், மாடு கன்று எல்லோரும் சுகம். செவலைக்கு மட்டும் முன்னங்கால் சரியில்லை. உங்கள் சுகத்துக்குப் பதில் போடுங்கள் என்று கேட்கமாட்டேன். முப்பத்தேழு வருஷமாக வராத பதில் இப்போது மட்டும் வந்துவிடவா போகிறது?

இந்திராகாந்தி அம்மாவைச் சுட்டு, அடுத்தாற்போல் எலெக்‌ஷன் வந்து, முதலமைச்சர் அமெரிக்கா ஆஸ்பத்திரியில் படுத்தபடியே ஜெயித்தாரே, அதற்குப் பின்னால் வந்த தை மாதத்தில்தான் இவ்வளவும் நடந்தது. காற்று நன்றாக அடிக்கிற அன்றைக்கு இலங்கைக்காரன் டிவி தெரிகிறது என்று எங்கள் ஊர்ப் பிரசிடென்ட் விருமாண்டி கூரையில் கம்பி நட்டதும் அதே தை. அந்த டிவிப் பெட்டியால்தான் வினையே. உங்கள் மகன் நல்லகாமன் மில் டீமுக்கு ஆடி, ஸ்டேட்டுக்கு ஆடி, முழங்கால் சவ்வு கிழிந்து, மில் கேட்டில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததும், “கேட்டைத் திறந்து மூடவா மாமா நான் பொறந்தேன்?” என்று எழுந்து வந்து, கீழமாசி வீதியில் காப்பித்தூள் கடைக்கு மேலே மாடி பிடித்து, ‘நல்லகாமன் ஸ்போர்ட்ஸ் வீடியோ’ என்று போர்டு மாட்டினது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. கபடியைப் படம் பிடித்து ஊர் ஊராகப் போட்டுக் காட்டப் போகிறானாம். சிங்கப்பூரிலிருந்து வந்த ஆளிடம் காமிரா வாங்கினான். தோளில் ஒரு பெட்டி, இடுப்பில் ஒரு பெட்டி, இரண்டுக்கும் நடுவே ஒரு வயர். பார்த்தால் கிணற்று மோட்டார் ரிப்பேருக்கு வந்தவன் மாதிரி இருப்பான். வர்ணனை சொல்லக் கூட ஆடின பேயாண்டியைச் சேர்த்துக்கொண்டான். அந்தப் பேயாண்டி ‘கபடி கபடி’ என்று மூச்சு விடாமல் பாடிப் போயே பழகினவன். மைக்கைப் பிடித்தாலும் ஒரே மூச்சுதான். நடுவில் நிறுத்தினால் அவுட் என்று நினைக்கிறான்.

பொங்கலுக்கு எங்கள் ஊரில் நடந்த கபடிதான் அவர்கள் எடுத்த முதல் படம். மூன்றாம் நாள் பொழுது சாய்ந்ததும் பிரசிடென்ட் வீட்டு டிவியை மந்தையில் கொண்டுவந்து வைத்து, டெக்கை மாட்டி, கேசட்டைப் போட்டான். ஊரே பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. விருமாண்டி மீசைக்கு மை போட்டு, பரிசு கொடுத்த அன்றைக்குக் கட்டியிருந்த அதே வேட்டியைக் கட்டிக்கொண்டு வந்திருந்தான், ஜனங்களுக்கு அடையாளம் தெரியட்டும் என்று. படம் ஓடியது. கால் வந்தது. இன்னொரு கால் வந்தது. இரண்டு கால் நின்றது, ஏழு பேர் கால் அதைச் சுற்றி வளைத்தது, புழுதி பறந்தது. முழங்காலுக்கு மேலே ஒரு மனுஷனுக்கும் ஒன்றும் இல்லை. கொஞ்சம் பொறுத்தால் தலை வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். கடைசியில் பரிசளிப்பு வந்தது. புதுச் செருப்பு போட்ட இரண்டு கால் வந்து நின்றது, புழுதிக்கால் ஒன்று எதிரே நின்றது, கை தட்டுகிற சத்தம் கேட்டது, படம் முடிந்துவிட்டது.

விருமாண்டி எழுந்தான்.

“எலேய் நல்லகாமா, என் தலை எங்கடா?”

“இருக்குண்ணே.”

“எங்க இருக்கு?”

“மேல இருக்கு. படத்துக்கு மேல.”

“ஏண்டா, நான் கப்பு குடுத்தேனே, அதாச்சும் இருக்கா?”

“அதுவும் மேலதாண்ணே இருக்கு.”

அன்றைக்கு அவனை அடிக்காமல் விட்டதற்குக் காரணம் பொம்பளைகள்தான். மேல்வீட்டு முனியாயி திடீரென்று, “அந்தா பாருங்கடி, எங்க வீட்டு ஆளு! பித்தவெடிப்பப் பாரு, கம்மாய் காஞ்ச மாதிரி. களிம்பு தேயுன்னா கேக்குறாரா? இப்ப ஊரே பாக்குது” என்றாள். உடனே இன்னொருத்தி, “இந்தக் கோணக்காலு எங்க கொழுந்தன்” என்றாள். இன்னும் ஒருதரம் போடு, இன்னும் ஒருதரம் போடு என்று காலைப் பார்த்து ஆளைக் கண்டுபிடிக்கிற விளையாட்டாகவே ஆக்கிவிட்டார்கள். ஒன்று மட்டும் நான் மறைக்காமல் சொல்லவேண்டும். யார் யாரைத் தொட்டது, யார் கோட்டைத் தாண்டியது என்பது துலக்கமாகத் தெரிந்தது. தோற்றுப்போன வாடிப்பட்டிப் பையன்கள் அதைப் பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். பொங்கல் கபடி சண்டையில்லாமல் முடிந்தது எனக்குத் தெரிந்து அதுதான் முதல் தடவை.

மறுநாள் அவனைப் பிடித்து, “ஏண்டா மாப்ள, மனுசனுக்கு மூஞ்சின்னு ஒண்ணு இருக்கே, அது ஒன் காமிராவுக்குத் தெரியாதா?” என்று கேட்டேன். “மாமா, எதிராளி மூஞ்சி இடது பக்கம் பாக்கும், கால் வலது பக்கம் கெளம்பும். மூஞ்சியப் பாத்தா நாம காலி. இத்தன வருசம் ஆடுனேன், எவன் மூஞ்சியும் எனக்குத் தெரியாது. காலக் காட்டு, பேரு சொல்றேன்” என்றான். இந்தப் பாடத்தை யார் சொல்லிக் கொடுத்தது என்றேன். “எங்க அப்பாதான். சின்னப் பிள்ளையில மைதானத்துக்குக் கூட்டிட்டுப் போயி, காலப் பாருடா, கோட்டப் பாருடான்னு பிடதியில தட்டித் தட்டிச் சொல்லுவாரு” என்றான். ஆகவே மச்சான், இந்த வழக்கில் முதல் எதிரி நீங்கள்தான். அதனால்தான் இந்தக் கடுதாசி உங்கள் பேருக்கு வருகிறது.

இவ்வளவும் பார்த்த பிறகும் என் பேத்தி ஒச்சம்மாள் கல்யாணத்தைப் படம் எடுக்க நான் அவனையே கூப்பிட்டேன். புத்தி கெட்டுப்போய்க் கூப்பிடவில்லை. அக்காள் மகன் ஒருத்தன் வீடியோ கம்பெனி வைத்திருக்கும்போது வெளியாளைக் கூப்பிட்டால், மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்த வருஷம் கண்ணை மூடின என் அக்காள் சோலையம்மாள் கனவில் வந்து என்னைப் பிடித்துக்கொள்ளாதா? “இந்தத் தடவை மூஞ்சிதான் மாமா, சத்தியம்” என்று அவனும் கையில் அடித்துச் சொன்னான். மாப்பிள்ளை வீடு டி. கல்லுப்பட்டிப் பக்கம் என்று பத்திரிகையில் பார்த்திருப்பீர்கள். மாப்பிள்ளையின் அண்ணன் துபாயில் இருக்கிறான், லீவு கிடைக்கவில்லை. படம் எடுத்து அவனுக்கு அனுப்பவேண்டும் என்பது சம்பந்தியம்மாள் போட்ட கண்டிப்பான பேச்சு. வெற்றிலை பாக்கு வைத்துப் பத்திரிகை கொடுக்க என் மகன் உங்கள் வீட்டுக்கு வந்தபோது, “சீர் வரும், நான் வரமாட்டேன்” என்று நீங்கள் சொல்லி அனுப்பினதையும் நான் மறக்கவில்லை. சொன்னபடி சீர் வந்தது. நல்லகாமன் கொண்டுவந்து இறக்கினான், இறக்கின கையோடு காமிராவைத் தூக்கினான்.

கல்யாணத்தன்று பேயாண்டி சொன்ன வர்ணனையைக் கேட்டிருக்கவேண்டும். “மாப்பிள்ள உள்ள வாரார் வாரார் வலது பக்கம் மூணு பேரு இடது பக்கம் பொண்ணு தனியா உக்காந்திருக்கு தாலியத் தொட்டுட்டார் மூணு முடிச்சுல ஒண்ணு போட்டாச்சு ரெண்டு போட்டாச்சு நாத்தனா கை குறுக்க வருது விடல…” ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார். பேயாண்டிக்கு அது தெரியாது. அவனும் மூஞ்சியைப் பார்க்கிற பழக்கம் இல்லாதவன்.

மாசி பிறந்ததும் சம்பந்தி வீட்டாரை வரவழைத்து, என் வீட்டுக் கூடத்தில் டெக்கை மாட்டிப் படத்தைப் போட்டான். முதலில் மணவறையில் ஒரு பூ தெரிந்தது. ஒரு குத்துவிளக்கு தெரிந்தது. சரி, திருந்திவிட்டான் என்று நினைத்தேன். குத்துவிளக்கிலிருந்து காமிரா மெள்ளக் கீழே இறங்க ஆரம்பித்தது. அவ்வளவுதான், அப்புறம் ஏறவே இல்லை. அம்மி மிதித்ததும் மெட்டி போட்டதும் மட்டும் எந்தக் கல்யாணத்திலும் எவனும் எடுத்திருக்க முடியாத மாதிரி வந்திருந்தது, ஒச்சம்மாள் கால்விரல் கூசிச் சுருங்கினது வரைக்கும். மற்றபடி மாப்பிள்ளை யார், மாப்பிள்ளைத் தோழன் யார் என்று மருதாணியை வைத்துத்தான் கண்டுபிடிக்கவேண்டும். சம்பந்தியம்மாள் பட்டு கட்டி, இரட்டைவடம் போட்டு, படத்துக்கென்றே பல்லைத் தேய்த்து வந்த மனுஷி. அவளுக்குக் கிடைத்தது இரண்டு குதிகால்.

“ஏய்யா, தம்பி பொண்டாட்டி எப்படி இருப்பான்னு எம் பெரியவன் தெரிஞ்சுக்க வேணாமா? ஊருக்கு வந்து, காலப் பாத்து, நீதானாம்மா அதுன்னு கேக்கணுமா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டாள். மறுபடியும் கல்யாணம் வைத்து மறுபடியும் எடு என்றாள். கட்டின தாலியை எப்படி மறுபடியும் கட்டுவது என்று எனக்கு விளங்கவில்லை. அவளுக்கும் விளங்கவில்லை. கடைசியில், தாலியை விட்டுவிட்டு மாலையை மட்டும் மாற்றிக்கொள்ளட்டும் என்று முடிவாகி, பொண்ணு மாப்பிள்ளையைக் கூடத்திலேயே நிற்கவைத்து எடுத்தான். அதையும் போட்டுப் பார்த்தோம். மாலையிலிருந்து உதிர்ந்த பூ விழுந்திருந்தது. பூ விழுந்த இடத்தில் நாலு கால். “கை தானாக் கீழ போகுது மாமா, நான் என்ன செய்ய?” என்கிறான்.

இதோடு நின்றிருந்தால் நான் ஹாலாஸ்யம் சாமியைத் தொந்தரவு செய்திருக்கமாட்டேன். மாலைப் படத்தைப் பார்த்துவிட்டுச் சம்பந்தியம்மாள் முற்றத்துக்குப் போய் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். நல்லகாமன் பழைய கல்யாணப் படத்தையே திரும்பப் போட்டு ஓட விட்டிருந்தான். முதல் தடவை மூஞ்சியைத் தேடினதில் நான் கவனிக்கவில்லை, தாலி கட்டப் போகிற நேரத்தில் காமிரா அப்படியே சனங்கள் கால் வழியாகப் பந்தல் கடைசி வரைக்கும் போனது. பந்தலைச் சுற்றிப் பொம்பளைகள் காவிக்கோடு இழுத்திருந்தார்கள். கோட்டுக்கு வெளியே, தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், செருப்பில்லாமல் இரண்டு கால் நின்றது. வயசான கால். இடது காலில் சுண்டுவிரல் பக்கத்து விரல்மேலே ஏறி உட்கார்ந்திருந்தது.

“நிப்பாட்டுடா” என்றேன். நிப்பாட்டினான். படம் குளிரில் நிற்கிற மாதிரி வெடவெடவென்று ஆடிக்கொண்டு நின்றது.

“யாரு கால்டா அது?”

“தெரியல மாமா.”

“காலக் காட்டு பேரு சொல்றேன்னியே?”

“கால் வந்துச்சு, எடுத்தேன் மாமா” என்று டெக்கைப் பார்த்துச் சொன்னான். பெற்ற அப்பன் காலைத் தெரியாதாம். தெரியாத காலையா, பொண்ணு மாப்பிள்ளை காலைவிட அதிக நேரம் எடுத்து வைத்திருப்பான்?

மச்சான், அந்தச் சுண்டுவிரலை எனக்குத் தெரியாதா? காந்தியைச் சுட்ட வருஷம், ஆடி மாதம், தண்ணீர் வற்றின வண்டியூர் தெப்பக்குளத்துக்குள்ளே சுண்ணாம்புத்தூளில் கோடு போட்டு எங்கள் ஊருக்கும் அந்த ஊருக்கும் நடந்த சடுகுடுவில் நீங்கள்தானே நடுவர்? கடைசிப் பாட்டுக்கு நான் போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டு, இடுப்பில் ஒருத்தன் தொங்க, மூச்சு விடாமல் இழுத்துக்கொண்டு வந்து காலை நீட்டினேன். நடுக்கோட்டின் மேலே நீங்கள் நின்றுகொண்டிருந்தீர்கள். என் கால் உங்கள் கால்மேலே விழுந்தது. அன்றைக்கு ஒடிந்த விரல்தானே அது? நீங்கள் நொண்டிக்கொண்டே கையைத் தூக்கி, நான் அவுட் என்றீர்கள்.

“கால்மேலதானடா மிதிச்ச, கோட்டுமேலயா மிதிச்ச?” என்றீர்கள்.

“உங்க கால் எங்க இருந்துச்சு மச்சான்?”

“கோட்டுமேல.”

“அப்ப?”

“அப்பன்னா? கால் கால்தான், கோடு கோடுதான்.”

மச்சினனுக்குச் சாதகம் செய்துவிட்டான் என்று ஊர் பேசும் என்று பயந்துதான் கையைத் தூக்கினீர்கள் என்று நான் அங்கேயே சொன்னேன். அதற்குத்தானே, “இனி உன் வாசல்லயும் உன் பந்தல்லயும் என் கால் படாது” என்று சபதம் போட்டீர்கள்? என் அக்காள் சாவுக்கு நான் கோடித்துணி கொண்டுவந்தபோது கூட என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே நீங்கள்?

இப்போது கேளுங்கள். படத்தை மேலே ஓடவிடச் சொன்னேன். கெட்டிமேளம் கொட்டுகிற சத்தம் கேட்டது. அந்த இடது கால் எழுந்தது. பந்தலைப் பார்த்து முன்னால் வந்தது. காவிக்கோட்டின் மேலே பேயாண்டி மைக்கோடு கால் அகட்டி நின்றுகொண்டிருந்தான். அவன் கால்மேலே இந்தக் கால் விழுந்தது. கொஞ்சநேரம் அங்கேயே இருந்தது. மேளம் நின்றதும் திரும்பிப் போய்விட்டது. பந்திக்கும் போகவில்லை. பேயாண்டியைக் கூப்பிட்டு, “ஒன்ன மிதிச்சது யார்றா?” என்று கேட்டால், “தெரியல சித்தப்பா. தாலி கட்டும்போது மூச்சு விட முடியுமா? ஆனை மிதிச்சிருந்தாலும் திரும்பியிருக்கமாட்டேன்” என்கிறான்.

எனக்கு அன்றிலிருந்து தலை சுற்றுகிறது. கால்மேலே மிதித்தால் கோட்டை மிதித்ததாகாது என்பது உங்கள் தீர்ப்பு. அப்படியானால் நீங்கள் என் பந்தலை மிதிக்கவில்லை, என் பேத்தி கல்யாணத்துக்கு வரவில்லை. கால் கோட்டின் மேலே இருந்தால், அதை மிதிப்பதும் கோட்டை மிதிப்பதும் ஒன்றுதான் என்பது என் கட்சி. அப்படியானால் நீங்கள் வந்தீர்கள், உங்கள் சபதம் உடைந்தது, நானும் அவுட் இல்லை. நீங்கள் வந்தேன் என்று சொன்னால் நான் ஜெயிக்கிறேன். வரவில்லை என்றால் நீங்கள் ஜெயிக்கிறீர்கள், ஆனால் நான் அந்தக் காலைப் பார்த்திருக்கிறேன். இதை ஹாலாஸ்யம் சாமியிடம் சொல்லி, எது நியாயம் என்று கேட்டேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “நீர் மேலே சொல்லும், நான் எழுதுகிறேன், என்னை யோசிக்கச் சொல்லாதீர்” என்கிறார்.

ஆகையினால் நான் முடிவாகச் சொல்லுவது இது. வராத ஆளை வந்ததாகக் காட்டுகிற கம்பெனி, வந்த ஆள்களுக்குத் தலை வைக்காத கம்பெனி, அக்காள் மகன் கம்பெனியாக இருந்தாலும் நமக்கு வேண்டாம். நீங்கள் தகப்பன். கூப்பிட்டுக் கண்டித்து, போர்டைக் கழற்றி, அவனை மறுபடியும் மில் கேட்டிலேயே உட்காரச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு அவுட் இல்லை என்பதையும் இதோடு ஒத்துக்கொண்டு எழுதுங்கள்.

உங்கள் வயல் விளையட்டும், கிணறு ஊறட்டும், மூட்டுவலி விடட்டும். கோபத்தில் சொன்னதைச் சாமி விட்டுவிட்டார், அன்பில் சொன்னதை அவராகச் சேர்த்திருப்பார், இரண்டையும் பொறுத்துக்கொள்ளவும்.

இப்படிக்கு,
சோணை (கைநாட்டு)

பின்குறிப்பு: மேலே உள்ளதை எழுதி வாங்கித் தபாலில் போடாமல் மடியிலேயே வைத்திருந்தேன். அதற்குள் வேறு மாதிரி ஆகிவிட்டது. நான் ஏசினதைக் கேட்டு நல்லகாமன் போன வாரம் வாடிப்பட்டிக் கபடியை வெறும் மூஞ்சியாக எடுத்துக்கொண்டு வந்தான். எல்லோருக்கும் தலை இருந்தது. யார் யாரைத் தொட்டது என்று ஒருத்தருக்கும் தெரியவில்லை. படத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிதடியாகி டிவிப் பெட்டி போய்விட்டது. துபாயிலிருந்தும் கடுதாசி வந்திருக்கிறது. வேறு வழியில்லாமல் அந்தக் கால் படத்தையே அனுப்பியிருந்தோம், அந்தப் பையன் அதைப் பார்த்து அழுதானாம். ‘அம்மாவின் இரண்டு காலும் இப்படி வீங்கியிருக்கிறதே, எனக்கு ஏன் ஒருத்தரும் எழுதவில்லை, உடனே டாக்டரிடம் காட்டுங்கள்’ என்று எழுதியிருக்கிறான். சம்பந்தியம்மாள் அதை நாலு பேரிடம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, இப்போது நல்லகாமனைத் தெய்வம் என்கிறாள். ஆகவே கம்பெனியை மூடச் சொல்லவேண்டாம். அவன் காலையே எடுக்கட்டும்.

இன்னொன்று. வண்டியூரில் நான் அவுட்தான், உங்கள் தீர்ப்பே நிற்கட்டும். கால் கால்தான், கோடு கோடுதான். அப்படியென்றால் நீங்கள் என் பந்தலை மிதிக்கவில்லை, சபதமும் கெடவில்லை. சித்திரை பிறந்ததும் வேறு டிவியும் டெக்கும் கொண்டுவரச் சொல்லியிருக்கிறேன். நீங்கள் வந்து படத்தைப் பாருங்கள். பந்தலைப் பிரித்தாகிவிட்டது, காவிக்கோடும் மழையில் போய்விட்டது, எதைத் தாண்டினீர்கள் என்று எவனும் கேட்கமுடியாது. அந்தக் கால் உங்கள் கால் இல்லை என்று கையைத் தூக்கினால் அதையும் ஒத்துக்கொள்கிறேன். நான் வேறு யாரைப் போய்க் கேட்பது? என் இடுப்பில் தொங்கின கழுவன் பாம்பு கடித்துப் போனான். நான் தொட்ட வீரணனும் சின்னாண்டியும் ஒரே வைகாசியில் போனார்கள். அவுட் இல்லை என்று எனக்காகக் கத்தின சுடலை தூங்கினவன் எழுந்திருக்கவில்லை. சுண்ணாம்புத்தூளில் கோடு போட்ட மாயழகு போன ஐப்பசியில் போய்விட்டான். அன்றைக்கு அந்தக் கோட்டோரம் நின்ற ஆளில் என்னை விட்டால் இன்றைக்கு உயிரோடு இருப்பது, தவசி மச்சான், நீங்கள் ஒருத்தர்தான்.